சிவப்பு முக்கோணத்தோடு நின்றுபோன பாடம்

மகள் பெரியவளாகி நாலு நாளாச்சுங்க. மாட்டுக்கொட்டகையை ஒட்டின அறையில்தான் இருக்கணும்கிறாங்க எங்கம்மா. பச்சை முட்டை, நல்லெண்ணெய் வேறு. தெரட்டிச் சீர் முடியும்வரை இப்படியே விடலாமா டாக்டரம்மா?
- ஒரு தாய், கோபி

சீர் தாராளமாகச் செய்யுங்க. உளுந்தங்களி, எள்ளுருண்டை, கருப்பட்டி எல்லாமே நல்ல சாப்பாடு. முட்டையை மட்டும் வேகவைத்துக் கொடுங்க. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஒதுக்கி வைப்பது வேண்டவே வேண்டாம். பிள்ளை உங்க பக்கத்திலேயே படுக்கட்டும், பள்ளிக்கூடம் போகட்டும்.

என் அம்மிச்சி (அம்மாவைப் பெற்றவர்) தூரத்துக்கு, அதாவது மாதவிலக்குக்குக் கட்டும் துணியைச் சாளை வீட்டுக்குப் பின்னால், பழைய சேலைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவார். மழைக்காலத்தில் அது காயவே காயாது. ஈரத்தோடு எடுத்துக் கட்டிக்கொள்வார். வெயிலில் உலர்த்தினால் கிருமி சாகும் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. யார் கண்ணிலும் படக்கூடாது, இதுதான் அவருக்குக் கிடைத்த ஒரே படிப்பு. நம்ம கோயமுத்தூர் முருகானந்தம் மலிவு நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி ஊர் ஊராகப் பேசினார். 2016-இல் பத்மஸ்ரீ வாங்கினார். தமிழக அரசின் புதுயுகம் திட்டம் வந்து பள்ளிக்கூடத்திலேயே நாப்கின் கொடுத்தார்கள். மறைப்பு கொஞ்சம் விலகியது. உங்க மகளுக்கு நாலு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக்கொடுங்க.

எட்டாவது படிக்கிற பையன் நாப்கின் எதற்கென்று கேட்கிறான். என்ன சொல்ல?
- திருப்பூர் வாசகி

உள்ளதைச் சொல்லுங்க. கருப்பை மாதாமாதம் உள்சவ்வைப் புதுப்பிக்கிறது, பழையது இரத்தத்தோடு வெளியேறுகிறது. நாளைக்கு வகுப்பில் ஒரு பிள்ளையின் பாவாடையில் கறை தெரிந்தால், சிரிக்காமல் இருக்க அவனுக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

வயசு 52. தூரம் நின்று ரெண்டு வருசமாச்சுங்க. போன வாரம் மூணு நாள் லேசாகப் பட்டது. உடம்புச் சூடு, இளநீர் குடி என்கிறார்கள்.
- தாராபுரம் வாசகி

இளநீர் குடிங்க. ஆனா இந்த வாரமே பெண்கள் நல மருத்துவரைப் பார்த்திடுங்க. ஒரு வருசம் முழுசாக நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் சோதிக்கணும். பெரும்பாலும் சவ்வு மெலிந்து வறண்டதாகவோ, சின்னச் சதை வளர்ச்சியாகவோ இருக்கும். சிலருக்கு மட்டும் கருப்பை உள்சவ்வுப் புற்றுநோய். அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் இதுதான். ஆரம்பத்திலேயே பிடித்தால் குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கு. ஸ்கேனில் உள்சவ்வின் தடிமனைப் பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள்.

தெரியாமல் இருந்தது உங்க தப்பில்லை. 1952-இல் அரசு தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம், பின்னாளில் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்து 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று எழுதியது. ரெண்டு பிள்ளை, ஒரு ஆபரேசன், அதோடு பாடம் முடிந்தது. அதற்கப்புறமும் பெண்ணுக்கு முப்பது, நாற்பது வருச வாழ்க்கை இருக்கிறதே, அதைப் பற்றி எந்தச் சுவரும் பேசவில்லை. "இந்த வயசில் போய் இதைக் காட்டுவதா" என்று ஒரு வருசம் பொறுத்திருந்துவிட்டு என்னிடம் வந்த ஒரு அம்மாவை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. நீங்க ஒரு வாரத்திலேயே எழுதியிருக்கீங்க. அப்படியே கிளம்புங்க.

12 வயசு மகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் தடுப்பூசி போட்டால் பின்னால் பிள்ளை பிறக்காதாமே?
- சென்னிமலை வாசகி

சுத்தப் பொய். அந்த ஊசி தடுப்பது எச்.பி.வி. என்ற கிருமியை, பிள்ளைப்பேற்றை ஒன்றும் செய்யாது. 9 முதல் 14 வயசுக்குள் போடுவது நல்லது. 30-ஐத் தாண்டிய உங்களுக்கும் வேலை இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில், புற்றுநோய் அறிகுறி இருக்கான்னு கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பார்கள், மார்பகத்தையும் பரிசோதிப்பார்கள். இலவசம்தான், சில நிமிசத்தில் முடிஞ்சிடும். உங்கம்மாவுக்கு 65 ஆகலைன்னா அவரையும் வண்டியில் ஏத்திக்குங்க.