எக்கோவில் 35 என்றால் மீதி செத்துவிட்டதா?

கேள்வி: அப்பா விவசாயி, வயது 58. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம் ஆகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது எக்கோவில் இ.எஃப். 35% என்றார்கள். மீதி 65 சதவீதத் தசை செத்துவிட்டது என்று இணையத்தில் படித்தேன். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், வயிற்றில் வாயு. மாத்திரையை நிறுத்திவிட்டு மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கிறேன் என்கிறார். சம்பா நடவுக்கு இறங்கலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இ.எஃப்.-ஐ நூற்றுக்கு 35 மார்க் என்று படிக்காதீர்கள். இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்ற கணக்கு அது. நல்ல இதயமே 55 முதல் 70 வரைதான் தள்ளும். அப்பாவுக்குக் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் அந்த எக்கோ அடிபட்ட சூட்டில் எடுத்தது. கடைமடைக்குத் தண்ணீர் வந்த அன்றே வாடிய பயிர் நிமிர்ந்துவிடுமா? எது பிழைத்தது, எது கருகியது என்று சில நாள் கழித்துத்தானே தெரியும்! ரத்தம் திரும்பிய பிறகும் தசை சில வாரம் மரத்துக் கிடக்கும். வெகுநாள் ரத்தக் குறைவில் இருந்த தசைக்கு மாதக்கணக்கில் ஆகும். ஸ்டென்ட் வைத்து 3 மாதம் முடிந்ததும் மறுபடி எக்கோ எடுங்கள். முடிந்தால் அதே இடத்தில். எக்கோ எடுப்பவர் மாறினால் நாலைந்து புள்ளி மாறும். மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் 35-ஐத் தாண்டவில்லை என்றால், திடீர்த் துடிப்புக் கோளாறிலிருந்து காக்கும் ஐ.சி.டி. கருவி பற்றி அப்போது பேசலாம். இதயத் தசையில் விழுந்த தழும்பு எவ்வளவு ஆழம் என்று எம்.ஆர்.ஐ. காட்டும்.

மாத்திரையை நிறுத்தும் பேச்சே வேண்டாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அடுத்த மாரடைப்பு அங்கேயே வரும். அதைத் தடுக்கும் வேலையைக் கஷாயம் செய்யாது. ஈறில் லேசாகக் கசிவதற்கு மென்மையான பிரஷ் போதும். வாயுவுக்கு டாக்டரிடம் கேட்டால் மருந்து தருவார். மலம் கறுப்பாகப் போனால் மட்டும் உடனே போங்கள்.

நீங்கள் பார்க்கவேண்டியது எடையை. தினமும் காலையில், காபிக்கு முன் எடை பார்த்து நாட்காட்டித் தாளில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டி இரண்டாவது தலையணை கேட்டாலோ அன்றே ஆஸ்பத்திரி. என்னிடம் வந்த ஒருவர் வாரக்கணக்கில் திண்ணையில் உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார். காற்றுக்காக என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். நுரையீரல் முழுக்க நீர்.

டாக்டர் சரி என்றால் வரப்பில் மெதுவாக நடக்கட்டும். மண்வெட்டி அடுத்த எக்கோ வரை கொல்லையில் சாய்ந்திருக்கட்டும்.