செவ்வாயின் லேசரும் அப்பாவின் ரேடியோவும்

வணக்கம் சார்,

செவ்வாய்க் கோளின் காற்றில் இயற்கையாகவே லேசர் உண்டாகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். நிஜமா? அது கண்ணுக்குத் தெரியுமா? இயற்கை எப்போதோ செய்துவைத்ததைத்தான் மனிதன் செய்தான் என்றால் அதற்கு எதற்கு நோபல் பரிசு?

மணிவண்ணன்

அன்புள்ள மணிவண்ணன்,

நிஜம்தான். கண்ணுக்குத் தெரியாது, அகச்சிவப்பு. விண்கலத்தையெல்லாம் பொசுக்காது.

செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. சுமார் 75 கிலோமீட்டர் உயரத்தில் அந்த மூலக்கூறுகள் வெயிலை வாங்கிக்கொண்டு ஆற்றலில் ஒரு மேல்படிக்கு ஏறிவிடுகின்றன. மேல்படியில் கூட்டம் அதிகமாகிவிட்டால், அவை இறங்கும்போது விடும் அதே நிறத்தில் அந்தப் பக்கம் போகும் ஒளி அவற்றைத் தட்டி இறக்கி, தன்னைப் போலவே இன்னும் கொஞ்சம் ஒளியைச் சேர்த்துக்கொண்டு போகும். கொஞ்சம்தான். ஆய்வகத்தில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளியை ஓடவிட்டுப் பெருக்குகிறார்கள், அங்கே கண்ணாடி மாட்ட யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது கேள்விதான் எரிச்சலாக இருந்தது. "இயற்கை அப்பவே செஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும் சோம்பல் நமக்கு நிறையவே உண்டு. அது செய்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது ஐயா? 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் குமார் பட்டேல், நம் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர், கார்பன் டை ஆக்சைடு லேசரைச் செய்தார். அந்த வகை லேசரின் ஒளியோடு செவ்வாயிலிருந்து வந்த ஒளியைக் கலந்து, இரண்டின் அதிர்வெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அளந்தார்கள். செவ்வாயின் ஒளியில் கார்பன் டை ஆக்சைடுக்கே உரிய நிற வரிகள், அங்குள்ள வெப்பத்துக்கு உரியதைவிட மிஞ்சி ஒளிர்வது 1976-லேயே தெரிந்துவிட்டது. அது லேசர்தான் என்று 1981-ல் நாசாவின் மைக்கேல் மம்மாவும் கூட்டாளிகளும் காட்டினார்கள். லேசரைக் கையில் வைத்திருந்தவன்தான் லேசரைப் பார்த்தான்.

எனக்கு இது அப்பாவின் ரேடியோ. ராத்திரியில் சிற்றலையில் இலங்கை வானொலியைத் தேடித் திருகிக்கொண்டே இருப்பார், நடுவில் ஓரிடத்தில் காதைக் குடையும் ஒரு விசில். நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். "ரெண்டு ஸ்டேஷன் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருக்குடா, அதான் கத்துது" என்பார். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவரில்லை, அரிசி மண்டியில் கணக்கெழுதியவர். ஆனால் சரியாகத்தான் சொன்னார். அந்த விசில் இந்த நிலையத்துடையதும் இல்லை, அந்த நிலையத்துடையதும் இல்லை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். கல்லூரியில் ஹெட்டரோடைன் என்று கரும்பலகையில் எழுதியபோது எனக்கு அந்தப் போர்வையின் வாசனைதான் வந்தது. செவ்வாயின் லேசரைப் பிடித்ததும் அந்த முறைதான், நாங்கள் காதைப் பொத்திக்கொண்ட அதே விசில்.

அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ரேடியோ பரணில் இருக்கிறது, குமிழ் சுற்றுகிறது, பேசுவதில்லை.

பரிசைப் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா? அதே 1964-ல், லேசருக்கு வழிவகுத்த ஆய்வுக்காக டவுன்ஸ், பாசோவ், புரோகொரோவ் மூவருக்கும் கொடுத்தார்கள். சரியாகத்தான் கொடுத்தார்கள்.