வளாக கேட்டைத் தாண்டினால் கேம்பஸ் போலீஸுக்கு என்ன அதிகாரம்?

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்றே போலீஸ் துறை வைத்திருக்கின்றன. அந்தக் கேம்பஸ் போலீஸைப் பற்றி அங்கே படிக்கும் மாணவர்களும், பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள். அதிகார எல்லை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எனவே ஒவ்வொரு பதிலிலும் எந்த மாநிலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

கே: டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன். வளாகத்திலிருந்து நாலு மைல் தள்ளி, நகரச் சாலையில் பல்கலைக்கழகப் போலீஸ் என் காரை நிறுத்தி, வேகமாகப் போனதாக டிக்கெட் கொடுத்தார்கள். இது செல்லுமா?
*மாணவர், டெக்சாஸ்*

செல்லும். டெக்சாஸ் கல்விச் சட்டத்தின் 51.203-ஆம் பிரிவு வளாகத்தின் சுற்றுச்சுவரை எல்லையாக வைக்கவில்லை, கவுன்டியை (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வைத்திருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாகவோ, குத்தகைக்கோ, வாடகைக்கோ இடம் இருக்கும் ஒவ்வொரு கவுன்டியும் முழுதாக அந்தப் போலீஸாரின் முதன்மை எல்லைக்குள் வந்துவிடும். அங்கே சாலைப் போக்குவரத்துச் சட்டத்தையும் அவர்கள் அமல்படுத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் கவுன்டிகளுக்கு வெளியே போனால்தான் கட்டுப்பாடு: வேறொரு போலீஸ் துறை அழைத்திருக்க வேண்டும், அல்லது அதற்கு உதவிக்குப் போயிருக்க வேண்டும், அல்லது பல்கலைக்கழகத்துக்கான பணியில் இருக்க வேண்டும்.

ஆகவே நாலு மைல் வாதத்தை விட்டுவிட்டு டிக்கெட்டைப் பாருங்கள். எந்த நீதிமன்றம், ஆஜராகக் கடைசித் தேதி எது, வேகம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது? உங்களிடம் டெக்சாஸ் லைசென்ஸ் இருந்து, வரம்பைவிட 25 மைலுக்குக் குறைவாகத்தான் கூடியிருந்து, கடந்த 12 மாதங்களில் இதே சலுகையை வாங்காமலும் இருந்தால், பாதுகாப்பாக ஓட்டும் பயிற்சி வகுப்பை முடித்து டிக்கெட்டைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். கடைசித் தேதிக்குள் கேட்க வேண்டும். தேதி தாண்டினால் சலுகையும் போகும், வாரன்ட்டும் வரலாம்.

கே: கலிபோர்னியாவில் கேம்பஸ் போலீஸுக்கு ஒரு மைல்தான் எல்லை என்கிறார்கள். சரியா?
*வாசகி, இர்வைன்*

பாதிதான் சரி. இந்த ஒரு மைல் கணக்கை நம்பி வாதாடிப் பார்த்தவர்கள் நிறைய.

கலிபோர்னியா தண்டனைச் சட்டம் 830.2-ஆம் பிரிவின்படி, கலிபோர்னியா பல்கலைக்கழகப் போலீஸாருக்கும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகப் போலீஸாருக்கும் அதிகாரம் மாநிலம் முழுவதும் உண்டு. ஒரு மைல் என்பது கல்விச் சட்டத்தில் வருவது. வளாகங்களும், அவற்றின் வெளி எல்லையிலிருந்து ஒரு மைல் சுற்றளவும், பல்கலைக்கழகம் நடத்தும் பிற இடங்களும் அவர்களுடைய 'முதன்மைக் கடமை' நடக்கும் பகுதி என்கிறது அது. அதாவது ஒரு மைல், வேலை எங்கே என்று காட்டும் கோடு. அதிகாரம் அந்தக் கோட்டில் முடிவதில்லை.

தனியார் பல்கலைக்கழகம் என்றால் கதை வேறு. ஸ்டான்போர்டின் போலீஸாருக்கு அதிகாரம் வருவது சான்டா கிளாரா கவுன்டியின் தலைமைக் காவல் அதிகாரியான ஷெரிஃபுடன் செய்த ஒப்பந்தம் வழியாக. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொதுப் பாதுகாப்புத் துறையினருக்கு லாஸ் ஏஞ்சலஸ் போலீஸுடன் செய்த ஒப்பந்தத்தால் கைது செய்யும் அதிகாரம் கிடைக்கிறது, ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் முழுமையான போலீஸ் அதிகாரிகள் அல்லர். மூன்று பேரும் சீருடை போட்டிருப்பார்கள், மூன்று பேரின் வண்டியிலும் விளக்கு சுழலும். வெளித்தோற்றத்தை வைத்து அதிகாரத்தை அளக்க முடியாது.

இதே மாநிலத்தில் இன்னொரு சட்டமும் உண்டு. 1996-ல் சான் லூயிஸ் ஒபிஸ்போவின் கால் பாலி பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் ஸ்மார்ட் என்ற மாணவி காணாமல் போனார். அவர் பெயரில் 1998-ல் வந்த சட்டம், வன்குற்றங்களை யார் விசாரிப்பது, எந்தத் தெரு யாருக்கு என்பதைப் பல்கலைக்கழகமும் உள்ளூர்ப் போலீஸும் எழுத்தில் ஒப்பந்தமாக வைத்திருக்க வேண்டும் என்றது. குற்றம் உங்களுக்கு நேர்ந்து, இரண்டு துறைகளும் 'அங்கே போங்கள்' என்று மாற்றி மாற்றி அனுப்பினால், இந்த ஒப்பந்தத்தைக் கேளுங்கள்.

கே: எல்லைக்கு வெளியே கைது செய்தால் வழக்கு தள்ளுபடியாகிவிடும் அல்லவா?
*சட்ட மாணவர், அட்லாண்டா*

அப்படி எதிர்பார்க்க வேண்டாம். இங்கே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, அதிகாரம் இருந்ததா. ஜார்ஜியாவில் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் போலீஸாருக்கு, அமைப்பின் கட்டுப்பாட்டில் உள்ள எந்த இடத்திலிருந்தும் 500 கெஜம் வரை எல்லை. 457 மீட்டர் சொச்சம். மெயின் கேட்டிலிருந்து அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நகர நடுவில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாகன நிறுத்தக் கட்டடம் இருந்தால் அங்கிருந்தும் 500 கெஜம் தொடங்கும். வடக்கு கரோலினாவில் இத்தனை கெஜம் என்ற கணக்கே கிடையாது. வளாகத்தின் வழியாகவோ அதை ஒட்டியோ போகும் பொதுச் சாலைப் பகுதி சேர்த்தி, அடுத்த தெரு சேர்த்தி இல்லை. நகராட்சியுடன் ஒப்பந்தம் இருந்தால் எல்லை விரியும்.

2016-ல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றத்துக்கு, தனியாரான எமரி பல்கலைக்கழகத்தின் போலீஸ்காரர் ஒருவர் தன் எல்லைக்கு வெளியே ஓர் ஓட்டுநரைக் குடிபோதைக்காகக் கைது செய்த வழக்கு வந்தது. போக்குவரத்துக் குற்றங்களுக்கான சட்டப் பிரிவைக் காட்டி எல்லைக்கு வெளியே கைது செய்ய முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

இரண்டாவது, சாட்சியம் நிற்குமா. மத்திய அரசியல் சட்டத்தைப் பொறுத்தவரை 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வர்ஜீனியா எதிர் மூர் வழக்கில் ஒரு வரையறை வைத்தது: மாநிலச் சட்டம் அனுமதிக்காத கைதாக இருந்தாலும், குற்றம் நடந்ததாக நம்ப நியாயமான காரணம் இருந்தால், நியாயமற்ற சோதனையையும் கைதையும் தடுக்கும் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் மீறப்பட்டதாகாது. ஆக, எல்லை மீறலுக்குத் தீர்வு பெரும்பாலும் அந்தந்த மாநிலச் சட்டத்தில்தான் இருக்க வேண்டும். சில மாநிலங்கள் சாட்சியத்தை விலக்கும், சில 'துறை விதிமீறல்' என்று சொல்லி நகர்ந்துவிடும். இதைச் சொல்லவேண்டிய இடம் நீதிமன்றம், சாலையோரம் இல்லை. சாலையோரத்தில் எல்லை பற்றி வாக்குவாதம் செய்து இறங்கிப் போனால், இல்லாத குற்றமொன்று புதிதாகச் சேரும்.

கே: வளாகத்துக்குள் தொடங்கிய துரத்தலில் என் அபார்ட்மென்ட்டுக்குள் நுழையலாமா?
*மாணவர், ஓஹாயோ*

வளாகத்தில் குற்றம் செய்தவரை விடாமல் விரட்டி வெளித் தெருவில் பிடிக்கப் பல மாநிலங்களில் இடம் உண்டு. விரட்டல் 'தொடர்ச்சியானதாகவும் உடனடியானதாகவும்' இருக்க வேண்டும். மறுநாள் தேடி வருவது விரட்டல் ஆகாது. வீட்டு வாசலில் தனிச் சட்டம்: சிறு குற்றத்துக்காக விரட்டினால் வாரன்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைய அது மட்டும் எப்போதும் போதாது என்று 2021-ல் லாங்கே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரன்ட் இல்லாவிட்டால் "உள்ளே வர நான் சம்மதிக்கவில்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கதவை மறிக்க வேண்டாம். விடுதி அறைக்கும் ஒன்று: பாதுகாப்புச் சோதனைக்கு வார்டன் வரலாம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பீர்கள். அந்தக் கையெழுத்து, போலீஸ் வந்து குற்றச் சாட்சியம் தேடுவதற்கான சம்மதம் ஆகாது.

கே: தனியார் பல்கலைக்கழகம் ஏன் ஊருக்குக் காவல் பார்க்கிறது? அங்கே குடியிருப்போருக்கு அது பதில் சொல்ல வேண்டாமா?
*வாசகர், சிகாகோ*

நியாயமான கேள்வி. சிகாகோ பல்கலைக்கழகப் போலீஸ், தனியார் கல்லூரி வளாகப் போலீஸுக்கான இலினாய் சட்டத்தின்படி நகரப் போலீஸுக்குரிய அதிகாரத்துடன் தெற்கே 64-ஆம் தெரு வரை ரோந்து போகிறது. அந்தத் தெருக்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள் அல்லர். அவர்கள் ஓட்டுப் போட்டு மாற்றக்கூடிய யாரும் அந்தத் துறைக்குத் தலைவராக இல்லை என்பதுதான் இதிலுள்ள கோளாறு.

கோளாறு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓஹாயோவின் சின்சினாட்டி பல்கலைக்கழகம் உதாரணம். அது அரசுப் பல்கலைக்கழகம், நகரத்துடன் ஒப்பந்தமும் இருந்தது. 2015 ஜூலை 19 அன்று வளாகத்துக்கு வெளியே, முன் நம்பர் பிளேட் இல்லை என்று ரே டென்சிங் என்ற பல்கலைக்கழகப் போலீஸ்காரர் ஒரு காரை நிறுத்தினார். ஓட்டிவந்த சாமுவேல் டுபோஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மாணவரும் அல்லர். இரண்டு முறை விசாரணை நடந்தும் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, 2017-ல் வழக்கு கைவிடப்பட்டது. பல்கலைக்கழகம் குடும்பத்துக்கு 48.5 லட்சம் டாலர் இழப்பீடும், பிள்ளைகளுக்கு இலவச இளங்கலைக் கல்வியும் தர ஒப்புக்கொண்டது. நம்பர் பிளேட்டுக்காக ஊர்ச் சாலையில் வண்டி நிறுத்துவது ஒரு பல்கலைக்கழகத்தின் வேலையா? அல்ல என்பது எங்கள் கருத்து.

ஆவணம் கேட்பதிலும் தனியார் துறைகள் நழுவும். ஓஹாயோ உச்ச நீதிமன்றம் 2015-ல், தனியாரான ஆட்டர்பைன் பல்கலைக்கழகத்தின் போலீஸ் பதிவேடுகள் பொது ஆவணங்களே என்றது. மறு ஆண்டு இண்டியானா உச்ச நீதிமன்றம், இன்னொரு தனியார் பல்கலைக்கழகமான நோட்ர டேமின் போலீஸுக்கு அப்படி ஒரு கடமை இல்லை என்றது.

கே: எங்கள் பல்கலைக்கழகப் போலீஸின் எல்லை எது என்று எங்கே பார்ப்பது?
*மாணவி, ஜார்ஜியா*

வளாகக் குற்றங்களைப் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும் என்று சொல்லும் மத்தியச் சட்டமான கிளெரி சட்டத்தின்படி ஒவ்வொரு அக்டோபர் 1-க்குள்ளும் வெளியாகும் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில். பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக இருக்கும். குற்ற அட்டவணையைத் தாண்டி, போலீஸின் அதிகாரம், கைது செய்யும் உரிமை, உள்ளூர்ப் போலீஸுடனான ஒப்பந்தம் பற்றிய பகுதியைத் தேடுங்கள். அங்கே 'செக்யூரிட்டி' என்று மட்டும் இருந்தால் அவர்கள் போலீஸே இல்லாமலும் இருக்கலாம்.

கே: அந்த அறிக்கையில் மகள் படிக்கும் இடத்தில் குற்றம் மிகக் குறைவு. நிம்மதியாக இருக்கலாமா?
*ஒரு தாயார், திருச்சி*

அவர் தங்கியிருப்பது எங்கே என்று முதலில் பாருங்கள் அம்மா. அறிக்கையின் கணக்கில் வருபவை வளாகம், பல்கலைக்கழகக் கட்டுப்பாட்டில் உள்ள வெளி இடங்கள், வளாகத்தை ஒட்டிய பொது இடங்கள் ஆகியவைதான். இரண்டு தெரு தள்ளி ஒரு தனியார் அபார்ட்மென்ட்டில் திருட்டு நடந்தால், பல்கலைக்கழகப் போலீஸே போய் விசாரித்தாலும் அந்த அட்டவணையில் ஏறாது. தினசரிக் குற்றப் பதிவேடு இதைவிட உதவும். அதில் போலீஸின் ரோந்துப் பகுதியும் சேரும். கடைசி 60 நாள் பதிவுகளை அலுவலக நேரத்தில் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். கூடவே, மகளின் போனில் கேம்பஸ் போலீஸ் எண்ணைத் தனியாகப் பதியச் சொல்லுங்கள். மொபைலிலிருந்து 911 அழைத்தால் பெரும்பாலும் நகர அல்லது கவுன்டி மையத்துக்குப் போய், அங்கிருந்துதான் மாற்றிவிடுவார்கள்.

கே: எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவரைக் கேம்பஸ் போலீஸ் வெளியே பிடித்தால் விசாவுக்குப் பாதிப்பு உண்டா?
*மாணவர், ப்ளோரிடா*

கைது என்றால் எந்தத் துறை செய்தாலும் கைதுதான், விரல்ரேகை அதே தரவுத்தளத்துக்குப் போகும். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் தண்டனைக்குக் காத்திராமல், கைதை மட்டும் வைத்தே தூதரகம் விசாவை ரத்து செய்ய முடியும். ப்ளோரிடாவில் இன்னொரு சங்கதி: 2025-ல் அங்கே சில அரசுப் பல்கலைக்கழகப் போலீஸ் துறைகள் மத்திய குடியேற்றத் துறையுடன் 287(ஜி) ஒப்பந்தம் (குடியேற்றச் சட்ட அமலில் உள்ளூர்ப் போலீஸையும் ஈடுபடுத்துவது) போட்டிருக்கின்றன.

நிறுத்தினால் "நான் போகலாமா?" என்று கேளுங்கள். போகலாம் என்றால் கிளம்புங்கள். இல்லை என்றால் பெயரையும் லைசென்ஸையும் கொடுத்துவிட்டு, மற்றவற்றுக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று சொல்லி நிறுத்துங்கள். கைதானால் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும் உரிமை உண்டு, நீங்களாகக் கேட்டால்தான் தெரிவிப்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசம் செய்யுமுன் குற்றவியல் வழக்கறிஞரோடு குடியேற்ற வழக்கறிஞரையும் பாருங்கள். இங்கு சொல்லியிருப்பது பொதுத் தகவல், அந்த ஆலோசனைக்கு மாற்று ஆகாது.

கே: நம்மூர்க் கல்லூரி செக்யூரிட்டிக்கு இப்படி ஏதாவது அதிகாரம் உண்டா?
*வாசகர், கோவை*

அவர்கள் போலீஸ் இல்லை. கண்ணெதிரே ஜாமீனில் விடமுடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்தால், நம் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவின்படி எந்தக் குடிமகனுக்கும் உள்ள அதே உரிமைதான் அவர்களுக்கும். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் மாணவனின் பையை வாங்கிச் சோதிக்க அந்தப் பிரிவில் இடமில்லை.