ஸ்லாக் கீ கிடார் என்றால் என்ன? யாருடைய வாசிப்பிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஹவாய்க் கிடார் கலைஞர் கேபி பாஹினுயி. முதல் ஒரு மாதத்துக்கு வேறு யாரையும் தேட வேண்டாம்.

இனி முதல் கேள்வி. ஹவாயன் கிடார் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, கிடாரை மடியில் படுக்கவைத்து ஓர் இரும்புத் துண்டைக் கம்பிமேல் வழுக்கிக்கொண்டே வாசிப்பது. அது ஸ்டீல் கிடார். ஸ்லாக் கீ வேறு. சாதாரணக் கிடார்தான், எல்லோரும் பிடிப்பதுபோலப் பிடித்து விரலால் மீட்டுவதுதான். வித்தியாசம் சுருதி சேர்ப்பதில் இருக்கிறது. ஹவாய் மொழியில் இதற்கு 'கீ ஹோஆலு' என்று பெயர். கம்பியை முறுக்கும் திருகைத் தளர்த்துவது என்று பொருள்.

வீட்டில் கிடார் இருந்தால் இப்போதே செய்து பாருங்கள். தடித்த கம்பியிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்ற சுரங்களில் இருக்கும். தடித்த ஈயை டிக்கு இறக்குங்கள். ஏயை ஜிக்கு இறக்குங்கள். கடைசி மெல்லிய ஈயையும் டிக்கு இறக்குங்கள். அவ்வளவுதான். இடது கையை எடுத்துவிட்டு ஒரு மீட்டு மீட்டினால் ஜி மேஜர் என்ற சுரக்கூட்டு முழுதாக ஒலிக்கும். இந்தச் சுருதிக்கு 'டாரோ பேட்ச்' என்று பெயர். டாரோ என்பது நம் சேப்பங்கிழங்குதான். ஹவாய்க்காரர்களின் ஆதி உணவு அது. ஆக, சேப்பங்கிழங்கு வயல் என்று ஒரு சுருதிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர்.

நான் முதன்முறை இப்படி இறக்கியபோது தடித்த கம்பி தொளதொளவென்று ஆகி, கிடார் கழுத்தின் உலோக மெட்டுகளில் உரசி இரைந்தது. கொஞ்சம் தடிமனான கம்பி போட்ட பிறகுதான் அந்த அடிநாதம் தெளிந்தது. திறந்த கம்பிகளே சுருதிக்குள் இருப்பதால் இடது கைக்குப் பாதி வேலை குறைந்துவிடுகிறது. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் டும், டும் என்று மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டை வாசிக்கும். ஒருநாள் கேபி தனியாக வாசித்துப் பாடிய பதிவைப் போட்டிருந்தேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, "ரெண்டு பேர் வாசிக்கிறாங்களா?" என்று கேட்டார். இல்லை, ஒருவர்தான் என்றேன். உரிப்பதை நிறுத்திவிட்டுப் பாட்டு முடியும்வரை கேட்டார். ஸ்லாக் கீ பற்றி இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கிடார் அங்கே போனது மாடுகளால். 1793 இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வான்கூவர் ஹவாய் அரசர் முதலாம் கமேஹமேஹாவுக்கு மாடுகள் கொடுத்தார். அவற்றைக் கொல்லக் கூடாது என்று தடை போட்டதில் மந்தைகள் பெருகிப் பயிரை அழித்தன. 1830களில் மூன்றாம் கமேஹமேஹா, அப்போது மெக்சிகோவின் பகுதியாக இருந்த கலிபோர்னியாவிலிருந்து மாட்டுக்காரர்களை வரவழைத்தார். அவர்களோடு கிடாரும் வந்தது. உள்ளூர் மக்கள் அதைத் தங்கள் குரலுக்கு ஏற்றபடி தளர்த்திக்கொண்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சுருதி, வெளியே சொல்ல மாட்டார்கள். வாசித்து முடித்ததும் கம்பிகளைக் கலைத்துவிட்டுத்தான் கிடாரைக் கீழே வைப்பார்களாம்.

இப்படி வீட்டுக்குள்ளேயே இருந்த ஒன்றைத்தான் கேபி இசைத்தட்டுக்குக் கொண்டுவந்தார். 1921 இல் பிறந்தவர். ஹொனலுலுவின் ககாஆகோ பகுதியில் பாஹினுயி குடும்பத்தில் வளர்ப்புப் பிள்ளையாக வளர்ந்தார். வறுமை. ஸ்டீல் கிடாரிலும் கெட்டிக்காரர். 1940களின் பின்பாதியில் 'ஹியிலவே' என்ற பழைய பாட்டை ஸ்லாக் கீயில் வாசித்துப் பாடிப் பதிவு செய்தார். இன்றைய ஸ்லாக் கீயின் கதையை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஹியிலவே என்பது வைபியோ பள்ளத்தாக்கில் 400 மீட்டருக்கு மேலிருந்து விழும் அருவி. பாட்டில், அங்கே சந்தித்த காதலர்களைப் பற்றி ஊர் வம்பு பேசுகிறது. பேசுகிறவர்களைப் பாட்டு 'வைபியோவின் பறவைகள்' என்கிறது. "என்னைப் பிடிக்க முடியாது, நான் மலைமேல் கிடக்கும் பனிமூட்டம்" என்ற பொருளில் ஓரடி வரும். கேபியின் குரல் அடியிலிருந்து மெல்லிய பொய்க்குரலுக்கு ஏறி இறங்கும்போது, மொழி தெரியாத எனக்கே தொண்டை அடைக்கும்.

இவ்வளவு செய்தவர் பிழைப்புக்கு ஹொனலுலு நகர நிர்வாகத்தின் சாலைப் பணியாளராக, கடப்பாரையும் மண்வெட்டியுமாக வேலை பார்த்தார். இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பகலெல்லாம் ரோடு வெட்டிய கை அது. வார இறுதியானால் வைமானலோவில் அவர் வீட்டுப் பின்கட்டில் கூட்டம் கூடிவிடும். யார் வேண்டுமானாலும் கிடாரோ, யுகுலேலே என்ற நாலு கம்பிக் குட்டிக் கிடாரோ எடுத்துக்கொண்டு வந்து உட்காரலாம். எட்டி கமாய் என்ற யுகுலேலே மேதை ஹவாய் இசை தனக்கு ரொம்ப எளிது என்று ஒதுக்கிவைத்திருந்தவர். கேபியோடு உட்கார்ந்து வாசித்த பிறகுதான் அவர் மனம் மாறியது. இருவரும் சேர்ந்து தொடங்கிய குழுதான் 'சன்ஸ் ஆஃப் ஹவாய்'. சுற்றுலாப் பயணிகளுக்கான பாட்டுகளே கோலோச்சிய காலத்தில் ஹவாய் மொழிப் பாட்டுகளுக்கு மறுபடி மரியாதை தேடித்தந்த குழு.

1970களில் ஹவாயில் மொழி, ஹூலா நடனம், பழைய கடல் பயணக் கலை எல்லாம் சேர்ந்து மறுமலர்ச்சி கண்டபோது கேபி அதன் முகமாக இருந்தார். அமெரிக்கக் கிடார் கலைஞர் ரை கூடர் தேடி வந்து அவரோடு வாசித்தார். கேபியின் அப்போதைய இசைக்குழுவில் அவர் மகன்களும், சன்னி சில்லிங்வொர்த், அட்டா ஐசக்ஸ் போன்ற பெரிய கைகளும் இருந்தார்கள். நான்கைந்து கிடார் ஒன்றாக ஒலித்தும் ஒன்றை ஒன்று மிதிக்காது. 1980 இல், 59 வயதில் கேபி காலமானார்.

சரி, கேட்கும் வரிசை. முதலில் அவர் தனியாக வாசித்த பதிவுகள். கட்டைவிரலை மட்டும் கவனியுங்கள். அப்புறம் 1970களின் குழுப் பதிவுகள். அதற்கும் பிறகு மகன் சிரில் பாஹினுயி. 2017 இல் அமெரிக்காவின் தேசிய மரபுக்கலை விருது பெற்றவர்; அடுத்த ஆண்டே போய்விட்டார். தந்தையைக் கேட்ட கையோடு மகனைப் போடுங்கள். அடியில் கட்டைவிரல் அதே நடையில்தான் போகும். மேலே விரல்கள் மட்டும் தங்கள் வழியில் போய்க்கொண்டிருக்கும்.