கோலம் போடும் கைக்கு கேக் வரைவது கஷ்டமில்லை

கேள்வி: ஆற்காட்டில் இருந்து எழுதுகிறேன். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மொபைலைத் தள்ளிக்கொண்டே நேரம் போய்விடுகிறது. அதற்குப் பதில் டூடுல், அதாவது சின்னச் சின்ன எளிய கிறுக்கல் படம், வரைந்தால் மனசு லேசாகும் என்று தோழி சொன்னாள். அடுத்த மாதம் அக்கா மகனுக்கு ஏழாவது பிறந்தநாள். அதையே சாக்காக வைத்து கேக், பலூன் எல்லாம் வரைந்து பார்க்கிறேன். வீடியோவில் பார்க்கச் சுலபமாக இருக்கிறது, நான் வரைந்தால் கேக் சரிந்து நிற்கிறது. அழித்து அழித்துத் தாள் கிழிகிறது. டென்ஷன்தான் ஏறுகிறது. பள்ளியோடு ஓவியத்தை விட்டவள் நான், மார்கழியில் கோலம் போடுவதோடு சரி. எனக்கு ஏற்ற எளிய படங்கள், பேனா, தாள் பற்றிச் சொல்லுங்கள். அக்கா மகனையும் சேர்த்து உட்கார வைக்கலாமா?

பதில்: மார்கழியில் கோலம் போடுவேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். வாசல் தெளித்துப் புள்ளி வைத்து, இடைவெளி மாறாமல் வரிசை பிடித்து, நெளியை இழுத்து ஆரம்பித்த இடத்திலேயே கொண்டுவந்து சேர்க்கிற கை உங்களுடையது. டூடுலுக்கு அதற்கு மேல் பயிற்சி வேண்டாம். தினமும் ஒரு புது வீடியோ, ஒரு புதுப் படம் என்று மாறிக்கொண்டே இருப்பதும், பக்கத்தில் ரப்பர் இருப்பதும்தான் உங்களைப் படுத்துகின்றன என்று நினைக்கிறேன்.

கைக்குப் பழகிய ஒரு சின்ன வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போடும்போதுதான் மனசு லேசாகும். புது வடிவம் என்றால் ஒவ்வொரு கோட்டையும் யோசித்து யோசித்துத்தான் போட வேண்டியிருக்கும். பகல் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு வருகிற உங்களுக்கு அது இன்னொரு வேலையாகிவிடும். அதனால் கேக், மெழுகுவத்தி, பலூன், கொடித் தோரணம், பரிசுப் பெட்டி என்று ஐந்து மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் வரை இந்த ஐந்து போதும். வீடியோவை ஒரே ஒரு முறை பார்க்கலாம். வரையும்போது மொபைல் அடுத்த அறையில் இருக்கட்டும்.

வரையத் தெரியாதவருக்கும் இது பலன் தருமா என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. 2016ல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 39 பேரை 45 நிமிடம் மார்க்கர், களிமண், காகிதத் துண்டுகள் கொடுத்து இஷ்டப்படி ஏதாவது செய்யவிட்டார்கள். முன்னும் பின்னும் அவர்கள் உமிழ்நீரில் கார்டிசோல் என்ற ஹார்மோனை அளந்தார்கள். உடலில் மன அழுத்தத்தோடு சேர்ந்து ஏறுகிற ஹார்மோன் அது. சுமார் 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது. கலையில் முன் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான். மீதி 25 சதவீதம் பேருக்குக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே பாருங்கள். நான் சொல்லும் முறையில் ஒரு வாரம் வரைந்த பிறகும் எரிச்சல்தான் வருகிறது என்றால், தயங்காமல் விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்யலாம். தூக்கமே வராத அளவுக்கு மனசு பாரமாக இருந்தால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். டூடுல் அதற்கு மருந்து ஆகாது.

பொருட்களுக்கு அதிகம் செலவு செய்யாதீர்கள். பழகுவதற்குக் கோடு போடாத சாதாரண நோட்டு ஒன்று, 0.5 மி.மீ. கறுப்பு ஜெல் பேனா ஒன்று. வண்ணத்துக்கு இரண்டே ஸ்கெட்ச் பேனா. பன்னிரண்டு நிறப் பெட்டியைத் திறந்துவைத்தால் எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே பாதி நேரம் போகும். ஜெராக்ஸ் தாள் பெரும்பாலும் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். அதில் ஸ்கெட்ச் பேனா பின்பக்கம் ஊறும் என்பதால் ஒரு பக்கம் மட்டும் வரையுங்கள். நம் பக்கத்து வெயிலுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் உள்ளங்கை வியர்த்துத் தாள் ஊதிப்போகும், ஜெல் மையும் இழுபடும். கைக்குக் கீழே ஒரு பழைய தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். இடது கைப் பழக்கம் என்றால் ஜெல் பேனா வேண்டாம், பால்பாயின்ட் நல்லது. ரப்பரை மட்டும் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுங்கள். கோடு கோணினால் அதன் மேலேயே இன்னொரு கோடு இழுங்கள். இரட்டைக் கோடு டூடுலுக்கு அழகு.

இப்போது உங்கள் சரிந்த கேக்குக்கு வருவோம். புதிதாக வரையும் பலருக்கும் கேக் சரியக் காரணம் ஒன்றுதான். மேல் பகுதியை வளைவாகப் போட்டுவிட்டு, அடியை நேர்க்கோடாக முடித்துவிடுவார்கள். மேலே இருந்து பார்ப்பதும் பக்கவாட்டில் இருந்து பார்ப்பதும் ஒரே படத்தில் கலந்துவிடும். அதனால் கேக் ஏதோ பள்ளத்தில் நிற்கிற மாதிரி தெரியும். இதைப் புள்ளி வைத்துச் சரி செய்யலாம். பக்கவாட்டில் 6 செ.மீ. தள்ளி இரண்டு புள்ளி வையுங்கள். அவற்றின் நடுவில் இருந்து மேலே முக்கால் செ.மீ., கீழே முக்கால் செ.மீ. தள்ளி இன்னும் இரண்டு. நான்கையும் வளைவாகச் சேர்த்தால் தட்டையான நீள்வட்டம் வரும், அதுதான் கேக்கின் மேல்முகம். இப்போது இடது புள்ளி, வலது புள்ளி, கீழே வைத்த முன்புறப் புள்ளி, இந்த மூன்றுக்கும் நேர் கீழே 3 செ.மீ.யில் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். மூன்றுக்கும் அதே 3 செ.மீ., இது முக்கியம். அந்த மூன்றையும் வளைவாக இணைத்து, இரண்டு ஓரங்களையும் நேராக இறக்கிவிட்டால் கேக் நிமிர்ந்து உட்காரும். நாலைந்து முறை போட்ட பிறகு புள்ளி இல்லாமலேயே கை போகும். அதுவரை புள்ளியைப் பென்சிலில் மெலிதாக வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

மேல் விளிம்பில் இருந்து க்ரீம் வழிவதை நெளியாகப் போடுங்கள். ஒன்று நீளம், இரண்டு குட்டை, மறுபடி ஒன்று நடுத்தரம் என்று வேண்டுமென்றே அளவை மாற்றுங்கள். இங்கே மட்டும் உங்கள் கோலப் பழக்கத்தை அடக்க வேண்டும், ஒரே அளவில் வழிந்தால் திரைச்சீலை மாதிரி ஆகிவிடும்.

மெழுகுவத்தி ஏழு வேண்டும் அல்லவா? பேனாவில் இறுதியாகப் போடும்போது எதற்கு முன்னால் எது நிற்கிறதோ அதை முதலில் வரைய வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அதாவது முதலில் முன்வரிசை மெழுகுவத்தி மூன்று, அப்புறம் பின்வரிசை நான்கு, கடைசியில் கேக்கின் பின்விளிம்பு. பின்னால் இருக்கும் கோடு முன்னால் உள்ள பொருள் வரை வந்து நின்று, அந்தப் பக்கம் மறுபடி தொடங்கும். இப்படிப் போனால் அழிக்க வேண்டிய அவசியமே வராது. பின்வரிசை நான்கும் முன்வரிசையின் இடைவெளிகளில் வரட்டும், இடுக்குப் புள்ளி வைப்பீர்களே, அதே கணக்கு. முன்வரிசையின் அடி கொஞ்சம் கீழே, பின்வரிசையின் அடி கொஞ்சம் மேலே. மெழுகுவத்தியின் மேல் போடும் சாய்வான கோடுகளை எல்லாவற்றிலும் ஒரே திசையில் போடுங்கள். சுடர் திரியின் நுனியில் தொடங்கி, நடுவில் தடித்து, மேலே கூராகட்டும்.

பலூனை முழு வட்டமாகப் போட்டால் பந்தாகிவிடும். மேலே அகன்று கீழே குறுகி, முடிச்சுக்கு ஒரு சின்ன முக்கோணம் வேண்டும். ஒரே பக்கமாக மேலே ஒரு சின்ன வளைந்த இடத்தை வண்ணம் தீட்டாமல் வெள்ளையாக விடுங்கள், அவ்வளவில் பலூன் பளபளக்கும். மூன்று பலூன் என்றால் மூன்றிலும் அதே பக்கம். நூல்கள் எல்லாம் கீழே ஒரு இடத்தில் சேரட்டும். கொடித் தோரணத்துக்கு நூலைத் தொய்வாக இழுத்துவிட்டு முக்கோணங்களைத் தொங்க விடுங்கள். முக்கோணத்துக்குப் பதில் நம் வீட்டு வாசலில் கட்டுகிற மாவிலையைப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். பரிசுப் பெட்டியை வெறும் சதுரமாகவே போடுங்கள். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று ரிப்பன், மேலே இரண்டு வளையம், நடுவில் முடிச்சு, கீழே இரண்டு வால். மூன்று பக்கமும் தெரியும் பெட்டி இப்போதைக்கு வேண்டாம்.

மேசையில் கேக் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஆற்காட்டுக்காரர் நீங்கள். ஒரு கிண்ணத்தில் உங்கள் ஊர் இனிப்பான மக்கன் பேடா நாலு உட்காரட்டும். ஒவ்வொன்றும் ஒரு வட்டம்தான், மேலே வெள்ளையாக ஒரு மினுக்கு, ஓரத்தில் பாகுக்கு ஒரு நெளி. முன்னால் இருக்கும் வட்டத்தை முதலில் போட்டு, மற்றவற்றை அதன் பின்னால் ஒளித்துவிடுங்கள். பையன் அடையாளம் கண்டுபிடித்துச் சிரிப்பான்.

உண்மையில் மனசு அமைதியாவது உருவங்களை முடித்த பிறகுதான், உள்ளே நிரப்புகிற வேலையில். அதனால் சாயங்காலத்தின் பெரும் பகுதியை இதற்கே வையுங்கள். ஒரு பெரிய பலூனை நான்கைந்து பட்டைகளாகப் பிரித்து, ஒன்றில் புள்ளி, ஒன்றில் அரை வட்டம், ஒன்றில் சிக்குக் கோல நெளி என்று நிரப்புங்கள். கேக்கின் அடிப்பட்டைக்கு வேலூர் கோட்டை மதிலின் உச்சியில் வரிசையாகத் தெரிகிற மேடுபள்ளத்தை எடுத்துக்கொள்ளலாம். மேடு, இடைவெளி, மேடு, இடைவெளி என்று கை தானாகப் போகும். பேனாவை நுனியில் இருந்து மூன்று விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். நீளமான கோட்டை மூச்சை விடும்போது இழுங்கள். கோலம் போடும்போது நாம்தான் சுற்றி நகர்ந்து போவோம். தாளில் அது முடியாது, அதனால் தாளைத் திருப்புங்கள். மணிக்கட்டை முறுக்கி வரைந்துதான் பலருக்குக் கை வலி வருகிறது. இருபது நிமிடம் போதும், பட்டை பாதியில் நின்றால் அப்படியே மூடிவைத்துவிட்டு மறுநாள் தொடருங்கள்.

இந்தப் படங்களை வைத்துப் பிறந்தநாள் கார்டு செய்தால், பையனின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். நம் எழுத்துகளில் சுழி நிறைய, அது டூடுலுக்கு வரம். முதலில் பென்சிலில் இடைவெளி விட்டுப் பெயரை எழுதி, ஒவ்வொரு கோட்டையும் சுற்றி அரை செ.மீ. தள்ளி பேனாவில் ஓரம் கட்டினால் பலூன் எழுத்து வந்துவிடும். மை காய்ந்த பிறகு பென்சில் கோட்டை அழிக்கலாம், ரப்பருக்கு நான் அனுமதிக்கும் ஒரே இடம் இது. ‘7’ என்ற எண்ணையும் இப்படியே பெரிதாகப் போட்டு உள்ளே நிரப்பலாம். வாழ்த்து முழுவதையும் பலூன் எழுத்தில் எழுதாதீர்கள், இடம் போதாமல் கடைசி எழுத்து நசுங்கும்.

பையனைத் தாராளமாக உட்கார வையுங்கள். ஆனால் கார்டு அவனுக்குப் போகிறது என்றால் அதைத் தனியாக வைத்துக்கொண்டு, நோட்டில் மட்டும் சேர்ந்து வரையுங்கள். ஓரக்கோடு நீங்கள், நிரப்புவது அவன். ஏழு வயதில் வண்ணம் கோட்டைத் தாண்டும், பலூன் பாதி ஊதாவும் பாதி பச்சையுமாக வரும். திருத்த வேண்டாம். அவன் அருகில் இருக்கும்போது நீங்களும் உங்கள் படத்தைப் பார்த்து "சே, கோணிப்போச்சு" என்று சொல்லாதீர்கள், அதை அவன் உடனே பிடித்துக்கொள்வான்.

கார்டுக்கு 200 ஜிஎஸ்எம் அளவுக்குக் கெட்டியான தாள் வாங்குங்கள், ஜெராக்ஸ் தாள் மடித்தால் நிற்காது. ஏ4 தாளை முதலில் பாதியாக மடித்து, மறுபடி விரித்து வைத்து, வெளிப்பக்கத்தின் வலது பாதியில் வரையுங்கள். மடித்த மேட்டின் மேல் பேனா ஓடினால் கோடு துள்ளும். பிறந்தநாளுக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பே முடித்துவிடுங்கள். அதற்கு முந்தைய வாரம் அதே படத்தை நோட்டில் நாலைந்து முறை போட்டிருப்பீர்கள் என்பதால், நல்ல தாளில் உட்காரும்போது கை நடுங்காது.