எனக்கும் அப்பவே சந்தேகம்தான்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறேன். எம்.எஸ்ஸி. படித்தவள். எங்கள் தெருவில் முப்பது வீடுகளுக்கு மேல் ஒரு தீபாவளிச் சீட்டில் சேர்ந்திருந்தோம். மாதம் 1,000 ரூபாய், 12 மாதம். நோன்புக்கு முன்னால் அரிசி மூட்டை, எண்ணெய், வெல்லம், பட்டாசு, அண்டா, வெள்ளிக்காசு, ஒரு கிராம் தங்கக்காசு எல்லாம் தருவதாகப் பேச்சு. நோட்டீஸைப் பார்த்ததுமே மனக்கணக்கு போட்டேன். கடை விலைக்கே 18,000 தாண்டியது. 12,000 வாங்கிக்கொண்டு இதை எப்படித் தருவார்கள்? கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததோடு விட்டேனா, மூன்றாம் மாதம் என் அம்மாவையும் சேர்த்துவிட்டேன். பணம் வசூலித்தது எங்கள் தெரு அக்காதான். இப்போது ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர் பிடிக்கப் போனால் ஆளாளுக்கு "எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்கிறார்கள். கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. இவர்கள் பொய் சொல்கிறார்களா? நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? சமூக உளவியலில் இதற்குப் பதில் இருக்கிறதா?

ம., குடியாத்தம்

அன்புள்ள ம.,

அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம். முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருந்த மாதிரி மனம் கணக்கைத் திருத்தி எழுதிக்கொள்ளும். ஆனால் முப்பது வீட்டில் பத்து வீட்டுக்காவது நிஜமாகவே சந்தேகம் இருந்திருக்கும். நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி அதைவிடச் சங்கடமானது. பத்துப் பேருக்குச் சந்தேகம் இருந்தும், ஒருவருக்கும் மற்றவருடைய சந்தேகம் தெரியாமல் போனது எப்படி?

முதலில் என் கதை. 1990களில் தமிழ்நாடு முழுக்க பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்திருந்தன. நான் அப்போது வேலூரில் பள்ளி ஆசிரியன். ஒரு கம்பெனி 24 சதவீத வட்டி தருகிறேன் என்றது. பி.எஃப்.பில் கடன் எடுத்து 20,000 ரூபாயோடு வரிசையில் நின்றேன். வயிற்றில் ஏதோ பிசைந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தபோது, எனக்கு மூன்று ஆள் முன்னால் ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். நாங்கள் சம்பளம் வாங்கும் வங்கியில் வேலை செய்பவர். வட்டிக் கணக்கு அவருக்குத் தெரியாததா? நிம்மதியாகப் பணத்தைக் கட்டினேன். கம்பெனி ஓடிப்போன பிறகு ஒருநாள் கோட்டை எதிரே கரும்புச்சாறு கடையில் அவரைப் பார்த்தேன். கேட்டேவிட்டேன். "அட போங்க சார், வாத்தியார் நீங்களே நிக்கிறீங்களேன்னு பார்த்துத்தான் நான் கட்டினேன்" என்றார். சாறுக்குக் காசு கொடுத்தது மட்டும் அவர்.

1968இல் பிப் லாட்டனே, ஜான் டார்லி என்ற இருவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களை ஒரு அறையில் உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகை வர ஆரம்பித்தது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். அறையில் வேறு இருவர் (இவர்கள் சோதனைக்காரர்களின் ஆட்கள்) கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டிருந்தபோது, போய்ச் சொன்னவர்கள் 10 சதவீதம்தான். மற்றவர்கள் கண் எரிய எரிய எழுதினார்கள். புகை வந்தால் நாம் உடனே அலறுவதில்லை. பதற்றத்தைக் காட்டாமல் முகத்தை வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் மற்றவர் முகத்தைப் பார்க்கிறோம். நிஜத் தெருவில் அவரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார். இரண்டு பேர் நடிப்பும் சேர்ந்தால் ஒரு பொய்ச் சாட்சி தயார். வங்கிக்காரரும் நானும் அதைத்தான் செய்திருக்கிறோம்.

உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளரைத்தான் கூப்பிடுவார்கள். 1951இல் அவர் செய்த கோட்டுச் சோதனை. ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். எது சமம் என்று சொல்லவேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருப்பவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள். 18 சுற்றில் 12 சுற்று அவர்கள் ஒரே குரலில் தப்பான கோட்டைச் சொல்வார்கள். அந்தச் சுற்றுகளில் பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூட்டத்தோடு போயின. நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது சறுக்கினார்கள். 'மனிதன் செம்மறி ஆடு' என்பதற்கு ஆதாரமாக இதைப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றில் இரண்டு பங்குப் பதில்கள் சரியாகத்தானே இருந்தன? நான்கில் ஒருவர் கடைசிவரை அசையவே இல்லையே?

உங்கள் தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் ஆஷின் அறையில் இல்லை என்பதையும் கவனியுங்கள். 1935இல் முசாஃபர் ஷெரிஃப் வேறொரு சோதனை செய்தார். கும்மிருட்டு அறை, ஒரே ஒரு ஒளிப்புள்ளி. புள்ளி அசையவே அசையாது, ஆனால் இருட்டில் அசைவதுபோலக் கண்ணுக்குத் தோன்றும். எவ்வளவு அசைந்தது என்று கேட்டால், தனியாக இருக்கும்போது ஆளுக்கொரு அளவு. குழுவாக உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய அளவும் ஒன்றை ஒன்று நெருங்கிவிடும். அங்கே யாரும் பயந்து ஒத்துப்போகவில்லை. தெரியாத விஷயத்தில் அடுத்தவரிடமிருந்து தெரிந்துகொள்கிறார்கள். சீட்டுக் கம்பெனி எப்படி நடக்கிறது என்று தெரியாத உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஷெரிஃபின் இருட்டில் இருந்தார்கள். நீங்கள் ஆஷின் அறையில் இருந்தீர்கள். உங்கள் கையில் 12,000, 18,000 என்று இரண்டு கோடுகள் இருந்தன.

இதைச் சொன்னால் உங்களுக்கு வலிக்கும். இருட்டில் இருந்தவர்கள் யாரைப் பார்த்திருப்பார்கள்? "டீச்சரே போட்டிருக்காங்க, அவங்க அம்மாவும் போட்டிருக்காங்க" என்று எத்தனை வீட்டில் பேசியிருப்பார்கள்?

அம்மாவைச் சேர்த்தது ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் உறுத்துவது அதுதான். இரண்டு மாதம் பணம் கட்டியாகிவிட்டது, சந்தேகமும் போகவில்லை. இந்த இரண்டையும் மனம் ஒரே வீட்டில் குடிவைக்காது என்பது லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1957இல் சொன்னதன் சாரம். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவதைவிட, சந்தேகத்தை அடக்குவது சுலபம். அம்மாவைச் சேர்த்துவிட்டால் அது அடங்கிவிடும்.

வாயைத் திறக்காததற்கு நம் பாட்டிமாரிடமே ஒரு சொல் இருக்கிறது: முகதாட்சண்யம். 1955இல் டாய்ச், ஜெரார்ட் என்ற இரு உளவியலாளர்கள், மற்றவர்கள் நம்மீது செலுத்தும் செல்வாக்கை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புவது. இன்னொன்று, மற்றவர்களுக்கு நம்மைப் பிடிக்காமல் போய்விடுமோ என்று தயங்குவது. இரண்டாவது வகையில்தான் அந்த அக்கா வருகிறார். "கணக்கு எப்படிக்கா கட்டுபடியாகும்?" என்று கேட்டால் அது கம்பெனியைக் கேட்டதாகாது, அவரைத் திருடி என்று சொன்னதாகிவிடும். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்து இலை போட்டவரை எப்படிக் கேட்பது? அதனால்தான் இந்த மாதிரிக் கம்பெனிகள் டை கட்டிய ஆளை அனுப்புவதில்லை, தெரு அக்காவை அனுப்புகின்றன. 1996இல் பாண்ட், ஸ்மித் இருவரும் 17 நாடுகளில் நடந்த 133 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கூட்டாக வாழும் பழக்கம் உள்ள நாடுகளில் இணங்கிப்போவது அதிகம் என்று கண்டார்கள். இதை நம் கோழைத்தனம் என்று படிக்கவேண்டியதில்லை. அடுத்தவரைச் சபையில் குறுகவைக்கக்கூடாது என்பது நல்ல குணம்தான். அந்தக் குணத்துக்கு யார் விலைபோட்டார்கள் என்பதுதான் பிரச்சினை.

சரி, இப்போதைய விஷயத்துக்கு வருவோம். ஆஷின் சோதனையில் எனக்குப் பிடித்த பகுதி, அதிகம் பேசப்படாத பகுதி. கூட்டத்தில் ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னால் போதும், இணங்கிப்போவது நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அவர் சொன்ன பதில் தப்பாக இருந்தால்கூடக் கூட்டத்தின் பிடி தளரும். ஸ்டான்லி மில்கிராமின் மின்அதிர்ச்சிச் சோதனையிலும் இதுதான். சோதனை நடத்துபவர் சொன்னார் என்பதற்காக, இன்னொருவருக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டே எவ்வளவு தூரம் போவார்கள் என்று பார்த்த சோதனை அது. சாதாரணமாக 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். பக்கத்தில் இருவர் 'மாட்டோம்' என்று எழுந்துவிட்டபோது, கடைசிவரை போனவர்கள் 4 பேர்தான். ஆஷ் இன்னொன்றும் செய்து பார்த்தார். பதிலை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோது பலர் கண்ணில் பட்டதையே எழுதினார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் தெருவில் அதே ஆட்டம் இப்போது இரண்டாவது முறை நடந்துகொண்டிருக்கும். "புகார் கொடுத்தால் இருக்கிற பணமும் வராது, பொங்கல் வரைக்கும் பொறுங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எல்லோரும் அடுத்த வீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பணம் வசூலித்துவிட்டு ஏமாற்றும் நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுக்க 1997இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். தண்ணீர்க் குழாயடியில் நின்று "யார் யார் வருகிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், ஒருவரும் வரமாட்டார்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரும் நீங்கள் கட்டிய தொகையும், அடுத்து அம்மாவுடையது. அப்புறம் அந்த வீட்டுக்காரரை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அட்டையும் ரசீதும் இருந்தால் அன்றைக்கே ஜெராக்ஸ்.

அந்த அக்கா வீட்டையும் விட்டுவிடாதீர்கள். கமிஷனுக்கு ஆசைப்பட்டிருப்பார், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் தன் பெயரிலும், கட்டிக்கொடுத்த பெண் பெயரிலும் எத்தனை அட்டை போட்டிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்