கை கால் பிடித்துவிட இத்தனை வருஷப் படிப்பா?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பிசியோதெரபிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், வீட்டுப் பெரியவர்களோ மேலே உள்ள கேள்வியைக் கேட்டு மடக்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வேலை, சம்பளம் பற்றிப் பிறகு பேசலாம். இந்த வேலையில் மூளைக்கு என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

12 வயதுப் பையன் ஒருவன் முழங்கால் வலிக்கிறது என்று நொண்டிக்கொண்டே வருகிறான் என்று வையுங்கள். வீக்கம் இல்லை, அமுக்கினால் வலி இல்லை, முழங்கால் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. தசை பலவீனம் என்று சொல்லி வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்து ஓட்டிவிடலாம். விவரம் தெரிந்த பிசியோ அவனை மல்லாக்கப் படுக்கவைத்து இடுப்பு மூட்டைச் சோதிப்பார். மூட்டு உள்பக்கம் திரும்ப மறுக்கிறதா? தொடையை மடக்கும்போது கால் தானாக வெளிப்பக்கம் சாய்கிறதா? அப்படியென்றால் வளரும் வயதில் தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவும் நோயாக இருக்கலாம். இடுப்புக்குப் போகும் நரம்பின் கிளைகள் முழங்காலுக்கும் போவதால் இங்கே உள்ள கோளாறு அங்கே வலிக்கும். அதன்பிறகு பையன் அந்தக் காலை ஊன்றவே கூடாது. அன்றைக்கே எலும்பு அறுவை மருத்துவரிடம் போயாக வேண்டும். அங்கே பிசியோ செய்த பெரிய சிகிச்சை, கையை வைக்காமல் இருந்ததுதான்.

நோயாளி பேச ஆரம்பித்ததுமே பிசியோவின் மனதில் நாலைந்து சந்தேகங்கள் எழும். அடுத்தடுத்துக் கேட்கும் கேள்விகள், அந்தச் சந்தேகங்களில் பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக விலக்குவதற்கானவை. குத்துகிறதா, குடைகிறதா, எரிகிறதா, ஷாக் அடித்த மாதிரி இழுக்கிறதா? எரிச்சலும் ஷாக்கும் என்றால் நரம்பின் மேல் சந்தேகம் போகும். நம் மொழியில் வலிக்கு இத்தனை சொற்கள் இருப்பது பிசியோக்களுக்கு ஒரு வரம் என்றே நினைக்கிறேன். காலையில் எழுந்ததும் மூட்டு எவ்வளவு நேரம் இறுகிக் கிடக்கிறது? அரைமணிக்குள் விட்டுப்போனால் தேய்மானமாக இருக்கலாம். ஒரு மணி நேரம் தாண்டினால் முடக்குவாதம் போன்ற மூட்டு அழற்சி நோயை நினைக்க வேண்டும்.

கூச்சமான கேள்விகளும் உண்டு. முதுகு வலியோடு வந்தவரிடம் சிறுநீர் சரியாகப் போகிறதா, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். ஆம் என்றால் தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக்கொத்து நசுங்கியிருக்கலாம். அது அவசர சிகிச்சை. முன்பின் தெரியாத ஒருவரிடம், அதுவும் அப்பா வயதுக்காரரிடம், உங்கள் மகளால் இதைத் தயங்காமல் கேட்க முடியுமா? மார்க்கைவிட இதை நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடாதா என்பீர்கள். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015ல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கில் தேய்மானம் இருந்தது. ஆகவே ஸ்கேனில் தெரியும் தேய்மானம்தான் இவருக்கு வலி கொடுக்கிறதா என்பதை ஒருவர் உட்கார்ந்து யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

நியூசிலாந்து பிசியோ ராபின் மெக்கென்சியிடம் 1956ல் ஒரு நோயாளி வந்தார். முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலி, வாரக்கணக்கில் சிகிச்சை பார்த்தும் குறையவில்லை. குப்புறப் படுங்கள் என்று சொல்லிவிட்டு மெக்கென்சி வேறு வேலைக்குப் போய்விட்டார். கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தியிருந்ததைப் பொருட்படுத்தாமல் நோயாளி அப்படியே படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்து கிடக்கிறது. அந்தக் காலத்தில் கூடவே கூடாது என்று சொல்லப்பட்ட நிலை. திரும்பி வந்த மெக்கென்சி பதறிப்போனார். நோயாளியோ கால் வலி போய்விட்டது என்றார். தப்பித்தோம் என்று விட்டுவிடாமல் ஏன் என்று கேட்டதால் ஒரு சிகிச்சை முறையே பிறந்தது.

வேலையைப் பற்றி. மருத்துவமனை, விளையாட்டு அணிகள், பக்கவாத மறுவாழ்வு, முதியோர் பராமரிப்பு என்று வாய்ப்புகள் பரவிக் கிடக்கின்றன. வெளிநாடு போக நினைத்தால் அந்தந்த நாட்டின் பதிவு விதிகளை இப்போதே பாருங்கள். கல்லூரியில் ஒரே கேள்வி கேளுங்கள்: மாணவர்கள் நோயாளியைத் தாங்களே விசாரித்து, சோதித்து, காரணம் சொல்கிறார்களா, அல்லது மெஷின் போட்டுவிடுவதோடு சரியா? இரண்டாவது பதில் வந்தால், கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. அடுத்த முறை வீட்டில் யாராவது கழுத்து பிடித்துக்கொண்டது என்றால் மகளைக் கவனியுங்கள். தைலத்தை எடுக்க ஓடுகிறாளா, எப்போதிலிருந்து, எந்தப் பக்கம் திருப்பினால் என்று கேட்கிறாளா? பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.